தக்கை வாசம்

"சின்ன நர்சம்மா இல்லீங்களா?"

"ஏன், நான் இங்க ஒக்காந்திருக்கறது ஆளாத் தெரியலையா?" என்றாள் இன்னாசியம்மாள்.

"அதுக்கில்லீங்க. கலர் பாக்கணும்."

"ஒனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலீங்க. எங்க நாத்தனாளுக்குப் பச்சை வந்துச்சாம். ஊரெல்லாம் சொல்லித் திரியுறா. எனக்கு என்ன வருதுன்னு பாத்துட்டா நல்லாருக்கும்."

இன்னாசியம்மாள் அடுத்த பெஞ்சைக் கைகாட்டினாள்.

ஊரணிப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையத்தின் முன்கூடத்தில் இரண்டு மேசைகள். ஒவ்வொரு மேசைக்கு எதிரிலும் ஒரு பெஞ்சு. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் இன்னாசியம்மாள் இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தாள். பதிமூன்று வருஷமாக ஒரு மேசை, ஒரு பெஞ்சுதான். அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் திருச்சியில் படித்த உண்ணாமலை வந்தாள். அவளோடு இரண்டாவது மேசையும் வந்தது. அந்த மேசைமேல் ஒரு ஸ்பிரிட் விளக்கு, மரத்தாங்கியில் ஆறு கண்ணாடிக் குழாய்கள், ஒரு புட்டி நீல மருந்து.

குழாயில் நீல மருந்தை விட்டு, எட்டுச் சொட்டு மூத்திரத்தைச் சேர்த்து, விளக்கில் காட்டிக் கொதிக்க வைப்பாள் உண்ணாமலை. நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூட, செங்கல் நிறம் என்றால் வியாதி முற்றிவிட்டது. சனங்களுக்கு இது போதாதா? கால் புண்ணுக்கு வந்தவனும் கலர் பார்க்கணும் என்றான். பல்வலிக்காரியும் பாட்டிலோடு வந்தாள்.

இன்னாசியம்மாளிடம் காட்டுவதற்குக் கலர் ஏதும் இல்லை. கண்ணின் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பாள். நாக்கை நீட்டச் சொல்வாள். கணுக்காலில் விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்ப்பாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மூச்சை மோந்து பார்ப்பாள். "வேடிக்கையா இருக்கு?" என்று யாராவது சிரித்தால் காதைத் திருகுவாள். அந்தத் திருகலுக்காகவே வந்தவர்கள் உண்டு. இப்போது அவர்கள் எல்லாரும் அடுத்த பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இவளுடைய பெஞ்சில் ஒரு பூனை படுத்திருந்தது.

உண்ணாமலை கெட்டவளாக இருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். "அக்கா, காப்பி குடிச்சீங்களா? அக்கா, நீங்க ஒக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று வாய்க்கு வாய் அக்கா. அந்த அக்காவைக் கேட்கும்போதெல்லாம் இன்னாசியம்மாளுக்குப் பல் கூசும்.

போனவர்கள் போகட்டும், மூக்காயி போகமாட்டாள் என்று அவள் நினைத்திருந்தாள்.

மூக்காயி பக்கத்துச் சேரிக்கொல்லையில் நடவு நடுகிறவள். ஐம்பது வயது இருக்கும். எட்டு வருஷமாக இன்னாசியம்மாளின் ஆள். வந்ததும் வராததுமாகத் தானே கீழிமையை இழுத்துக்கொண்டு, "பாருங்க நர்சம்மா, வெளுத்திருக்கா செவந்திருக்கா?" என்று கேட்பாள். எப்போதும் வெளுத்துத்தான் இருக்கும். செருப்பில்லாமல் சேற்றில் நிற்பவள், வயிற்றில் கொக்கிப்புழு. புழு மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தால் நாலு மாதம் தெம்பாக இருப்பாள். பிறகு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று நிறுத்திவிடுவாள். மூச்சு வாங்கும். திரும்ப வருவாள். திட்டு வாங்குவாள். அந்தத் திட்டில் இருவருக்கும் ஒரு சுகம் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மூக்காயி மடியில் எதையோ கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன மூக்காயி, மடி கனமா இருக்கு?"

"தேனு நர்சம்மா."

"எனக்கா?"

மூக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குனிந்து காதில் சொன்னாள். "தேனு இல்ல நர்சம்மா, அந்தக் கருமந்தேன். தெருவுல வந்தா ஆளாளுக்கு என்ன பாட்டிலு, என்ன பாட்டிலுங்குறாக. பொம்பள எப்படிச் சொல்றது? தேனுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அந்தச் சோலையப்பன் இருக்கானே, 'அத்தை, நாக்குல ஒரு சொட்டு விடு'ன்னு பாலம் வரைக்கும் பின்னாலயே வாரான்!"

"விட்டுட்டு வர வேண்டியதுதான?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த மூக்காயி எழுந்து, "இந்தா வாரேன் நர்சம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

இன்னாசியம்மாளின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பாட்டிலில் கொண்டுவரச் சொன்னதும் உண்ணாமலையின் ஏற்பாடுதான். ஆஸ்பத்திரிக் கக்கூசுக்குக் கதவு இல்லை. முன்பெல்லாம் இன்னாசியம்மாள் பெண்களைப் பின்சுவர் ஓரம் கூட்டிப்போய், பழைய சேலை ஒன்றை விரித்துத் தானே மறைவு பிடித்துக்கொண்டு நிற்பாள். கழுவிய எனாமல் கிண்ணம் கொடுப்பாள். "எதுக்கு அக்கா இந்தச் சிரமம்? வீட்லேருந்தே கொண்டாரட்டுமே" என்று உண்ணாமலை சொன்னாள். டாக்டரும் தலையாட்டினார்.

"செங்கல்!" என்று யாரோ கத்தினார்கள்.

கூட்டம் எழுந்து நின்றது. உண்ணாமலையின் கையில் இருந்த குழாயில் நீலம் போய், அடியிலிருந்து மேல்வரை செங்கல் கரைத்த மாதிரி நின்றது. பாட்டில் வைத்திருந்த ஜன்னல் கட்டையில் எறும்பு வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"எறும்பே சாட்சி சொல்லுது பாருங்க" என்றாள் உண்ணாமலை. மூக்காயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் பயப்படாதீங்க ஆத்தா. மாத்திரை இருக்கு."

"எங்க ஊரிலேயே எனக்குத்தான் செங்கலா?" என்று மூக்காயி கேட்டாள். குரலில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டாக்டர் ஆத்மநாதன் உள்ளே இருந்து வந்து குழாயைப் பார்த்தார். மூக்காயியின் பழைய சீட்டுகளைப் புரட்டினார்.

"சோகை, சோகை, சோகை. எட்டு வருஷமா சோகைன்னே எழுதியிருக்கீங்களே சிஸ்டர்? ஒரு தடவையாவது சர்க்கரை பாத்திருக்கலாமே?"

"பாத்தேன் சார். போன வருஷம் புதுக்கோட்டைக்கு அனுப்பிப் பாத்தப்ப இல்ல" என்றாள் இன்னாசியம்மாள்.

"போன வருஷம்!" டாக்டர் உண்ணாமலை பக்கம் திரும்பினார். "நல்ல வேளை, நீங்க கண்டுபிடிச்சீங்க. சர்க்கரை மாத்திரை ரெண்டு வேளை. அரிசி, கருப்பட்டி கூடாது. அடுத்த மாசம் புதுக்கோட்டைக்கு அனுப்பி ரத்தத்தில பாத்துடலாம்."

அவர் பேசிக்கொண்டிருந்தபோது, ஒதுக்கிவைத்த பாட்டில்களைக் கொட்டிக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள் இன்னாசியம்மாள். மூக்காயியின் பாட்டில் கையில் பிசுபிசுத்தது. தக்கையைத் திருப்பிப் பார்த்தாள். அதன் அடிப்பக்கம் ஏதோ மஞ்சளாக இறுகிப் பிடித்திருந்தது. பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனாள்.

தேன். மலைத்தேன்.

மூக்காயி வாய்ப்பேச்சுக்கு மட்டும் தேன் என்று சொல்லவில்லை. தேன் பாட்டிலிலேயே கொண்டுவந்திருக்கிறாள். எறும்புக்கும் நீல மருந்துக்கும் கிடைத்தது அந்தத் தேன்தான்.

"சார்" என்று சொல்ல வாய் திறந்தாள்.

"சிஸ்டர், இனிமே உங்க பெஞ்சு ஆளுங்களையும் உண்ணாமலைகிட்ட ஒரு தடவை காட்டிட்டு அனுப்புங்க" என்றார் டாக்டர்.

இன்னாசியம்மாள் வாயை மூடிக்கொண்டாள். தக்கையைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகினாள். சொல்லட்டும். உண்ணாமலையைத் தலையில் தூக்கிவைத்து ஆடட்டும். அடுத்த மாசம் புதுக்கோட்டையில் ரத்தம் பார்ப்பார்கள், சர்க்கரை இல்லை என்று எழுதி அனுப்புவார்கள், அப்போது இவள் முகம் எந்தக் கலராக மாறுகிறது என்று பார்ப்போம். ஒரு மாசம் மாத்திரை விழுங்கினால் மூக்காயிக்கு என்ன ஆகிவிடும்? அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள் அல்லவா, உட்காரட்டும்.

இரவுச் செபத்தில் மூக்காயியின் பெயர் வந்தது. அதைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் குளத்தூர் பஸ் நிற்குமிடத்தில் மூக்காயியைப் பார்த்தாள். கன்னம் ஒட்டியிருந்தது.

"என்ன சாப்புட்டே?"

"அரைக் கும்பா கூழு. சின்ன நர்சம்மா அளந்துதான் குடிக்கணும்னு சொல்லுச்சு. பசிக்குது நர்சம்மா. கை நடுங்குது. வெள்ளென வேர்த்து ஊத்துது."

இன்னாசியம்மாளின் கை இடுப்புக்குப் போனது. கைக்குட்டை அங்கேதான் இருந்தது. தினமும் சேலையோடு சேலையாக அதையும் எடுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை போதும்.

"என்னத்துக்கு என்கிட்டச் சொல்றே? மாத்திரை குடுத்தவகிட்டப் போயிச் சொல்லு."

"சொன்னேன். போகப் போகச் சரியாயிரும்னு தங்கமாட்டம் சொல்லுச்சு."

தங்கமாம். இன்னாசியம்மாள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதின்மூன்றாம் நாள் வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு, ஒரு கட்டை வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. வைக்கோல்மேல் மூக்காயி கிடந்தாள். முழங்கால்வரை நடவு வயல் சேறு. கூட வந்த மருமகள் செவந்தி அழுதுகொண்டே இறங்கினாள்.

"நாத்து முடியக் கையில வச்சுக்கிட்டே நின்னாகம்மா. கோணக்க மாணக்கப் பேசினாக. என்னயப் பாத்து யாருடி நீன்னாக. அப்படியே சாஞ்சிட்டாக!"

டாக்டர் கூட்டத்துக்காகக் குளத்தூர் போயிருந்தார். இன்னாசியம்மாள் எழுந்து ஓடினாள். அவளுக்கு முன்னால் உண்ணாமலை வண்டியில் ஏறியிருந்தாள்.

"காலைல மாத்திரை போட்டாங்களா?"

"போட்டாகம்மா."

"சாப்பிட்டாங்களா?"

"நேரமாச்சுன்னு சாப்புடாம எறங்கிட்டாக."

"சில்லுன்னு வேர்த்திருக்கு. சர்க்கரை எறங்கிப்போச்சு. அக்கா, குளுக்கோஸ்!"

இன்னாசியம்மாள் குளுக்கோஸ் டப்பாவைக் கொண்டுவந்தாள். மூடியைப் பிடுங்கியதில் பாதி கீழே கொட்டியது. உண்ணாமலை தண்ணீரில் குழைத்து, முதலில் ஈறில் தடவினாள். மூக்காயி விழுங்கத் தொடங்கியதும் தலையைத் தூக்கிப் பிடித்து, கரண்டி கரண்டியாக விட்டாள். அவசரப்படவில்லை, புரை ஏறவிடவில்லை. இன்னாசியம்மாள் பக்கத்தில் நின்று மூக்காயியின் உள்ளங்காலைத் தேய்த்தாள். மாதாவே, மாதாவே என்று உதடு அசைந்தது. அந்த நேரத்திலும், இந்தப் பெண் கரண்டி பிடிக்கிற அழகைப் பார் என்று மனசில் ஒரு மூலை முணுமுணுத்தது.

கால் மணி நேரத்தில் மூக்காயி கண்ணைத் திறந்தாள்.

"நாத்து மிச்சமிருக்குடி" என்றாள்.

செவந்தி உண்ணாமலையின் காலில் விழுந்தாள். "தெய்வம்மா நீங்க!"

வாசலில் கூடியிருந்தவர்கள் பேசியது இன்னாசியம்மாளுக்குத் தெளிவாகக் கேட்டது. "சின்ன நர்சம்மா இல்லேன்னா இந்நேரம் போயிருக்கும்." "பெருசும் நின்னுச்சே?" "அது நின்னுச்சு. கால அமுக்கிவிட்டுச்சு."

மூக்காயியை உள்ளே கட்டிலில் படுக்க வைத்தார்கள். உண்ணாமலை செவந்தியிடம் பொறுமையாகச் சொன்னாள். "சாப்பிடாம மாத்திரை போடக் கூடாது. அதுதான் தப்பு. ஆனா மாத்திரையை நிறுத்திடாதீங்க. நாளைக்குக் காலைல கஞ்சி குடிச்சிட்டு மறுபடி போடச் சொல்லுங்க."

நாளைக்குக் காலையில். இன்னாசியம்மாள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரை வேணாம்" என்றாள்.

"டாக்டர் எழுதினது அக்கா."

"மறுபடி பாரு, சர்க்கரை இருக்கான்னு. செவந்தி, ஒங்க மாமியாளத் தாங்கிப் புடி."

பழைய சேலையை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனாள். எனாமல் கிண்ணத்தைத் தானே கழுவினாள். திரும்பி வந்து உண்ணாமலையின் மேசையில் கிண்ணத்தை வைத்தாள்.

எட்டுச் சொட்டு. விளக்கு. நீல மருந்து கொதித்தது. நீலமாகவே நின்றது.

"பாத்தியா?" என்றாள் இன்னாசியம்மாள்.

உண்ணாமலையின் முகம் மலர்ந்தது. "மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்குக்கா! செங்கல்லேருந்து நீலத்துக்கு வந்துட்டாங்க."

இதை இன்னாசியம்மாள் எதிர்பார்க்கவில்லை. இந்தப் பெண்ணின் தப்பு கூட இவளுக்கே மாலையாக விழுகிறதே என்று இருந்தது. புதுக்கோட்டையில் ரத்தம் பார்த்தாலும் இதையேதான் சொல்வார்கள். குணமாகிறது, தொடர்ந்து போடு. மூக்காயி போட்டுக்கொண்டே இருப்பாள், இன்னொரு வயலில் சாய்கிறவரை.

இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் பிரித்தாள்.

"மோந்து பாரு."

உண்ணாமலை தக்கையை மோந்தாள். "தேன் வாசம் வருது."

"ஏ மூக்காயி! அன்னைக்குக் கொண்டாந்த பாட்டில்ல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தேனுதான்" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது. "சித்தன்னவாசல் பாறையில எடுத்தது. அடியில கொஞ்சம் ஒறஞ்சு கெடந்துச்சு."

"கழுவுனியா?"

"கழுவுவாகளா? யாராச்சும் தொறந்து மோந்தா தேன் வாசம் வரணும்ல?"

இன்னாசியம்மாள் ஒரு குழாயில் குடிதண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினாள். தக்கையின் மஞ்சளைக் கத்தியால் சுரண்டிப் போட்டுக் கலக்கினாள். இன்னொரு குழாயில் நீல மருந்தை விட்டு, இந்தத் தேன் தண்ணீரில் எட்டுச் சொட்டுச் சேர்த்தாள். விளக்கில் காட்டினாள். பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, பிறகு செங்கல் வந்து நின்றது.

"கொடத்துத் தண்ணிக்கும் சர்க்கரை வியாதி. மாத்திரை எழுதிரு" என்றாள்.

எத்தனை நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்! உண்ணாமலையின் முகம் வெளுத்தது. அதைப் பார்க்கத்தானே இவள் காத்திருந்தாள். பார்த்தாள். இரண்டு மூச்சு நேரம் இனித்தது.

உண்ணாமலை குழாயைத் தாங்கியில் வைத்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். நாலாக மடித்த மடிப்பு பதிந்து, தேன் ஊறிக் காய்ந்து, அது பழுப்பாகியிருந்தது.

"இது எப்பத்திலேருந்து அக்கா உங்ககிட்ட இருக்கு?"

இன்னாசியம்மாள் கைக்குட்டையை மறுபடி மடித்தாள்.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

செவந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூக்காயிக்கு விளங்கியது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அந்த வியாதியே இல்லையா?"

"இல்ல."

"அது ஒனக்குத் தெரியுமா?"

எட்டு வருஷத்தில் முதல்முறையாக மூக்காயி அவளை ஒருமையில் கேட்டாள். இன்னாசியம்மாள் தலையாட்டினாள்.

"பஸ்ஸுக்கு நிக்கையில சொன்னேனே. பசிக்குது, நடுங்குதுன்னு சொன்னேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் தாயி?"

இன்னாசியம்மாள் ஏதேதோ தேடிப் பார்த்தாள். டாக்டர் பேசவிடவில்லை, நேரம் வாய்க்கவில்லை. எதுவும் வாயில் நிற்கவில்லை.

"நீ அந்தப் பெஞ்சுல போயி ஒக்காந்தே" என்றாள்.

மூக்காயி அவளையே பார்த்தாள். "அடிப் பாவி" என்று மெதுவாகச் சொன்னாள். "என் கொழுந்தனுக்கு ரெண்டு பொண்டாட்டி. அந்த வீட்டுல கூட இப்படி ஒரு கொடுமைய நான் பாக்கல." மறுபடி படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டரின் ஜீப் சத்தம் கேட்டதும் உண்ணாமலை கிட்டே வந்தாள். "அக்கா, பாட்டிலைப் பாக்காம விட்டது என் தப்பு. அதை நான் சொல்லிடறேன். தக்கையைப் பத்தி நான் வாயத் திறக்கமாட்டேன்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். அதுதான் இன்னாசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. உயிரைக் காப்பாற்றின பேரும் இவளுக்கு, மன்னித்த பேரும் இவளுக்கா?

"என் தப்ப நீ ஏன் சொமக்கணும்? நானே சொல்லிக்கறேன்" என்று எழுந்து போனாள்.

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, "எழுதிக் கொடுங்க சிஸ்டர். மேல அனுப்பணும்" என்றார். எழுதிக் கொடுத்தாள். அவர் அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி, மூக்காயியின் சீட்டில் சோகை என்று எழுதினார். இனி பாட்டில் வேண்டாம், எனாமல் கிண்ணம்தான் என்றும் சொன்னார். அதற்காக இன்னாசியம்மாளால் கொஞ்சமும் சந்தோஷப்பட முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, மேலிடத்துப் பதில் வருவதற்கு முன்பே, மூக்காயி வந்தாள். மடியில் எதுவும் இல்லை. இன்னாசியம்மாளின் பெஞ்சைத் தாண்டி நடந்து, அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"இரும்பு மாத்திரை சாப்பிடறீங்களா ஆத்தா?"

"சாப்புடுறேன் தாயி. இப்ப நிறுத்தல."

"கண்ணைக் காட்டுங்க."

உண்ணாமலை கீழிமையை இழுத்தாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"ஆ! குத்துதும்மா."

"அக்கா," என்று உண்ணாமலை கூப்பிட்டாள். "இது வெளுப்பா, செவப்பா? எனக்குச் சரியாத் தெரியல. கொஞ்சம் வாங்களேன்."

இன்னாசியம்மாள் எழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். சுட்டு விரலால் இழுக்கிறாள். நகம் படும். கட்டைவிரலால் இழுத்து, வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும், அப்போதுதான் தெரியும். திருச்சியில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. சொல்லாவிட்டால் இவளுக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

மூக்காயி உண்ணாமலையின் கையை விலக்கினாள். தன் கட்டைவிரலாலேயே இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பி, இந்தப் பக்கம் பார்த்தாள்.

"இந்தா, எம்புட்டு நேரந்தேன் இப்படியே வச்சுக்கிட்டு இருக்கறது? கண்ணு எரியுது. வந்து பாத்துச் சொல்லு."